தங்காத எண்ணெய்

"எதால அளந்து குடுத்தனீங்கள்?"

"முட்டைக் கோதாலதான் டொக்டர். எங்கட பக்கத்தில அப்பிடித்தானே. முட்டையைத் தட்டிக் குடிக்கக் குடுத்திட்டு, அந்தக் கோதுக்கையே நல்லெண்ணெயை விட்டு..."

"ஒரு கோதோ?"

சுதாஜினி பக்கத்தில் நின்ற மச்சாளை, புருசனின் தமக்கையைப் பார்த்தாள். மச்சாள் இராசமலர் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபானைப் பார்த்தாள்.

"முதல் ஒரு கோதுதான். பிறகு, மெலிஞ்ச பிள்ளைதானே எண்டு ரெண்டாக்கினனாங்கள். பிறகு பின்னேரமும் குடுத்தம். பிள்ளையே கேட்டவள்."

"எண்ணெயைக் கேட்டவவோ?"

"ஓம் டொக்டர்," என்று இராசமலர் முந்திக்கொண்டாள். நிற்கும் இடம் ஆஸ்பத்திரி என்பது அவளுக்கு ஒரு கணம் மறந்துபோனது. "என்ர ரெண்டு பெட்டையளும் எண்ணெய்க் கோப்பையைக் கண்டால் வளவெல்லாம் ஓடுவாளவை. மூக்கைப் பொத்திப் பருக்கவேணும். இவள் யது மட்டும்தான், 'இன்னும் இருக்கோ மாமி' எண்டு கேட்டுக் குடிச்சவள்."

டொக்டர் பெண் மேசையில் இருந்த சிறிய கண்ணாடிக் குழாயை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். காலையில் மகள் யதுர்ஷிகாவின் கையிலிருந்து எடுத்த இரத்தம். அடியில் ஒரு விரற்கடை சிவப்பு. அதற்கு மேலே, பிழிந்து வைத்த தேங்காயின் முதற்பாலைப் போல வெள்ளையாய், தடிப்பாய், அசைத்தால் குழாயின் சுவரில் ஒட்டி மெல்ல இறங்கியது ஒன்று.

"இது அந்த எண்ணெய்," என்றாள் டொக்டர்.

சுதாஜினி பக்கத்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை சாமத்தியப்பட்டு, பெரியபிள்ளையான அன்று வீட்டில் ஒரே சந்தோசம். கிளிநொச்சிக்கு மேற்கே, வாய்க்கால் கரையோடு இருக்கும் அந்தக் குடியேற்றத் திட்டத்தில் யதுர்ஷிகாவைத் தெரியாத ஆள் இல்லை. பிறந்த நாளிலிருந்தே கன்னம் வைக்காத பிள்ளை. நடக்கத் தொடங்கியபோது காலில் ஆம்பிளைப் பிள்ளையளைப் போலத் தசை திரண்டிருந்தது. கையில் நரம்பு கயிறு மாதிரி ஓடும். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'ஜிம்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். ஓட்டத்தில் முதலாவதாய் வருவாள். ஓடி முடித்ததும் மற்றப் பிள்ளைகளின் பாணையும் வாங்கிச் சாப்பிடுவாள். கழுத்தைச் சுற்றிக் கறுத்துக் கிடந்தது வருத்தத்தின் குறி என்று அறியாமல், ஊத்தை என்று நினைத்து, சுதாஜினி எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் தேசிக்காயும் பயற்றம்மாவும் போட்டுத் தேய்த்திருக்கிறாள். பிள்ளை நோகுது நோகுது என்று கத்தியிருக்கிறாள்.

'தாய்க்காரி பிள்ளைக்குச் சோறு போடுறேல்லைப் போல' என்று ஊர் சாடைமாடையாய்ச் சொன்னது. அதுதான் அவளுக்கு நெஞ்சில் முள். அதனால்தான் சாமத்திய வீட்டுக் கவனிப்பை ஒரு சத்தியம் போல எடுத்துச் செய்தாள். காலையில் முட்டையும் எண்ணெயும். மத்தியானம் எண்ணெயில் பொரித்த கத்தரிக்காய். பின்னேரம் எண்ணெய் மினுங்க மினுங்க உழுத்தங்களி. இராசமலர் செக்கடியில் நின்று ஆட்டுவித்துக் கொண்டுவந்த எண்ணெய். தண்ணி வார்ப்புச் சடங்குக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் ஒரு விடியற்காலம் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். வவுனியா ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்வரைக்கும் சத்தமே போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, பஸ் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி கிடந்தாள்.

"சதையி, வயித்துக்குள்ள இருக்கிற கணையம், வீங்கியிருக்கு," என்றாள் டொக்டர். "இரத்தத்தில கொழுப்புக் கூடினால் அப்பிடித்தான் வரும். இந்த முறை தப்பிட்டா. இன்னொருமுறை இப்பிடி வந்தால் நான் பொறுப்பெடுக்கேலாது."

"ஒரு சொட்டுக் கொழுப்புக்கூட உடம்பில இல்லாத பிள்ளை டொக்டர்," என்றாள் சுதாஜினி. "தொட்டுப் பாருங்கோ. எங்க இருக்கு கொழுப்பு?"

"அதுதானம்மா வருத்தமே, நோயே."

கொழும்புக்கு அனுப்பிய இரத்தத்துக்கு மறுமொழி வந்த நாளில் டொக்டர் சுதாஜினியைத் தனியே இருத்தி விளங்கப்படுத்தினாள். இராசமலரும் போய்க் கூட இருந்துகொண்டாள். போகச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை.

"உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன அறைகள் இருக்கு. கலம் எண்டு படிச்சிருப்பீங்கள். கொழுப்பை வைக்கிறதுக்கெண்டே தனிக் கலம் இருக்கு. ஆனால் கொழுப்புச் சும்மா போய் அதுக்குள்ள கிடக்காது. துளியாத் திரளவேணும். அந்தத் துளி பிறக்கிற இடத்தில ஒரு புரதம் வட்டமா, வாசல் மாதிரி நிக்கும். அந்த வாசலுக்குள்ளாலதான் கொழுப்பு வந்து துளியாகி, பெருத்து, பத்திரமா இருக்கும். யதுர்ஷிகாவுக்கு அந்தப் புரதம் பிறக்கேக்கையே பிழைச்சுப்போச்சு. வாசல் இல்லை. அதால துளி இல்லை. துளி இல்லாதபடியால் வைக்கிற இடமும் இல்லை."

"அப்ப திண்டது எங்க போகும்?"

"ஈரலுக்குள்ள போகும். தசைக்குள்ள போகும். இரத்தத்தில மிதக்கும். போகக்கூடாத இடமெல்லாம் போகும்."

சுதாஜினிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம். போன அறுவடைக்கு நெல் வாங்கும் களஞ்சியம் திறக்கவில்லை. ஊரே நெல்லைத் தார்றோட்டில் பரப்பியிருந்தது. பின்னேரம் யாரும் எதிர்பாராத மழை. புருசன் ஜெயந்தன் நெல்லை மூடும் படங்கை இழுத்துக்கொண்டு ஒரு பக்கம் ஓடினால் மற்றப் பக்கம் நெல் வெள்ளத்தோடு ஓடியது. றோட்டோரக் காணுக்குள்ளும் மதகுக்குள்ளும் மஞ்சளாய் நெல் மிதந்தது. அவன் றோட்டின் நடுவில் படங்கின் ஒரு மூலையைப் பிடித்தபடியே நின்றான். நல்ல விளைச்சல் அது. விளைச்சலில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

"புரதம் எண்டால் முட்டையிலயும் பருப்பிலயும் இருக்கிறதுதானே," என்றாள் இராசமலர். "கூட்டிக் குடுத்தால் வராதோ?"

"இது சாப்பிட்டு வாற புரதம் இல்லை அம்மா. உடம்பு தானாச் செய்யவேண்டியது. செய்யிற முறைதான் பரம்பரையில பிழைச்சிருக்கு." டொக்டர் கொஞ்சம் தயங்கினாள். "நீங்கள் சொந்தத்துக்கையோ கட்டினனீங்கள்?"

"சொந்த மாமான்ர மகன்," என்றாள் சுதாஜினி.

இராசமலரின் முகம் கறுத்தது. "அப்ப சண்டை முடிஞ்சு அகதி முகாமுக்குள்ள கிடந்தம் டொக்டர். ஆர் எவரெண்டு விசாரிச்சுக் கட்டுற காலமோ அது? கண்ணுக்கு முன்னால உயிரோட இருந்த மச்சானுக்குக் கட்டி வைச்சம். அதுவும் பிழையோ இப்ப?"

"பிழை எண்டு நான் சொல்லேல்லை," என்றாள் டொக்டர். அவளும் சின்னப் பெட்டைதான். வெள்ளைக் கோட்டுக்குள் தோள் சுருங்கிப் போயிருந்தது.

"மருந்து?"

"வெளிநாட்டில ஒரு ஊசி இருக்கு. வாழ்நாள் முழுக்கப் போடவேணும். இஞ்ச வாறேல்லை. அதைப் போடுற ஆக்களை நான் புத்தகத்திலதான் பாத்திருக்கிறன்." கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "இப்போதைக்கு எங்கட கையில இருக்கிறது சாப்பாடு ஒண்டுதான். எண்ணெய் கூடாது, தேங்காய்ப்பால் கூடாது, நெய் கூடாது. சீனி, மாவும் கூடாது. சோறும் அளவுதான். பசிக்குது எண்டு அழுவா. குடுக்கக் கூடாது."

"ஏன் டொக்டர் அவளுக்கு மட்டும் இவ்வளவு பசி?"

"வயிறு நிரம்பினால் மட்டும் காணாது அம்மா. உடம்பில சேர்ந்து கிடக்கிற கொழுப்புத்தான் மூளைக்குச் சொல்லுறது, கையிருப்பு இருக்கு, போதும் நிப்பாட்டு எண்டு. அந்தச் சேதியைக் கொண்டுபோறதும் ஒரு புரதந்தான். இவவுக்குக் கொழுப்புக் கலம் வெறுமை. சேதி அனுப்ப ஆளில்லை. அவ பிறந்ததில இருந்து ஒருநாளும் 'போதும்' எண்டதை உணர்ந்திருக்க மாட்டா."

சுதாஜினி அதன் பிறகு டொக்டர் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை. கடைசிச் சண்டையின்போது பதுங்குகுழியிலிருந்து வெளியே வந்து உப்பில்லாத கஞ்சிக்காகத் தகரப்பேணியோடு வரிசையில் நின்றவள் அவள். எனக்கொரு பிள்ளை பிறந்தால் அது பசியெண்ட சொல்லையே அறியக்கூடாது என்று அன்றைக்கு நினைத்தவள். அந்தப் பிள்ளைக்கு அந்த ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று இன்றைக்கு ஒரு சின்னப் பெட்டை சொல்கிறாள்.

வீட்டுக்கு வந்தபின் குசினியில் எல்லாம் மாறியது. எண்ணெய்ப் போத்தல் அலுமாரிக்கு மேலே ஏறியது. தேங்காய்த் திருவலை மூலைக்குப் போனது. பாலில்லாத கறி தண்ணீராய்க் கொதித்தது. ஜெயந்தன் ஒரு குறையும் சொல்லாமல் அதையே தின்றான். யதுர்ஷிகாவுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தால் சோறு. அவள் அதை ஒவ்வொரு பருக்கையாய்த் தின்பாள். தின்று முடித்துச் சோற்றுக் கோப்பையை நக்குவாள். பிறகு தாயைப் பார்ப்பாள். கேட்கமாட்டாள். கேட்டிருந்தால் ஏசியாவது இருக்கலாம்.

பிள்ளைக்கு முன்னால் சாப்பிட முடியாமல் சுதாஜினி கோப்பையைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் வாழைக்குப் பின்னால் நின்று விழுங்கப் பழகினாள். சொந்த வளவுக்குள் கள்ளி மாதிரி.

ஊர் சும்மா இருக்குமா? இராசமலர் ஆஸ்பத்திரியில் கேட்டதில் தனக்குப் பிடித்ததை மட்டும் கொண்டுவந்து தெரு ஒழுங்கை முழுக்கப் பரப்பினாள். பிள்ளைக்குப் புரதமில்லாத வருத்தமாம் என்று. அடுத்த கிழமைக்குள் படலையில் ஆள் மாறி ஆள் நின்றது. பக்கத்து வளவுச் சிவலட்சுமி ஊர்க்கோழி முட்டையோடு வந்தாள். முல்லைத்தீவுக்குப் போய்வந்த ஒருத்தர் சுறாப்புட்டுக்கென்று கருவாட்டுப் பார்சலைத் தந்துவிட்டுப் போனார். எல்லாம் அன்பு. ஒன்றையும் தூக்கி எறிய முடியாது.

"மச்சாள், உந்தக் கதையை ஏன் ஊரெல்லாம் சொன்னனீங்கள்?"

"சொன்னால் என்ன? ஆக்கள் தாறதை வாங்கிக் குடு. அந்த டொக்டர் பெட்டை பிள்ளை பெத்தவளோ? ஒரு பெத்தவளெண்டால் பட்டினி போடெண்டு சொல்லுவாளோ?"

"எண்ணெய் குடுத்துத்தானே மச்சாள் அவள் விழுந்தவள்?"

இராசமலரின் வாய் கோணியது. அழப்போகிறாள் என்று தெரிந்தது. "என்ர கையால குடுத்தனான் எண்டுறாய். சொல்லு. சொல்லிப்போட்டுப் போ." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தான் கொண்டுவந்திருந்த முட்டைகளைப் படிக்கட்டிலேயே வைத்துவிட்டு நடந்தாள். சுதாஜினி கூப்பிடவில்லை. ஒரு கோதை இரண்டாக்கச் சொன்னது தான்தான் என்பது அவளுக்கு நினைவிருந்தது.

வைகாசிப் பொங்கலன்று அம்மன் கோயிலில் அன்னதானம். ஜெயந்தன் வயலில் நின்றான். சுதாஜினி தோய்த்த உடுப்பைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் பிள்ளை விறாந்தையில் இல்லை. குசினியில் இல்லை. வாய்க்காலடியில் இல்லை. கோயில் மணிச்சத்தம் கேட்டபோதுதான் அவளுக்கு அன்னதானம் நினைவுக்கு வந்தது. செருப்புப் போட மறந்து ஓடினாள்.

மண்டபத்தில் மூன்றாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. நெடுக விரித்த பாயில் யதுர்ஷிகா நடுவில் இருந்தாள். அவளுடைய வாழையிலையில் மட்டும் சோறு குன்று போலக் குவிந்திருந்தது. வாளியோடு வந்த தில்லைநாதன் மாஸ்ரர் அவளுக்கு முன்னால் நின்று, "சாப்பிடு பிள்ளை, சாப்பிடு, முதற்பந்தியில இருந்து இருக்கிறாய், கெட்டிக்காரி," என்று நெய்ப்பொங்கலை இன்னொரு அகப்பை வைத்தார். அவருக்குப் பின்னால் பாயச வாளி. அதற்குப் பின்னால் வடைத்தட்டு. எல்லோருக்கும் முகம் மலர்ந்திருந்தது. சோறு கேட்கிற பிள்ளைக்குப் போடுவதைப் போல வேறு என்ன சந்தோசம் இருக்கிறது?

"யது. எழும்பு."

பிள்ளை நிமிரவில்லை.

"எழும்படி எண்டுறன்." சுதாஜினி குனிந்து அவளுடைய வலக்கையை மணிக்கட்டோடு பிடித்தாள். எச்சில் கை. நெய்யில் வழுக்கியது. பிள்ளை இடக்கையால் அள்ளி வாயில் வைத்தாள்.

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. குழந்தைகள்கூட மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்கள்.

"சுதா, என்ன வேலை இது?" எதிர்ப்பந்தியிலிருந்து அழகம்மாவின் குரல். "பந்தியில இருந்து பிள்ளையை எழுப்புற தாயை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்."

"அவள் சாப்பிடக்கூடாது. வருத்தம்."

"சோறு திண்டால் வாற வருத்தமும் ஒண்டு இருக்கோ?"

"கொழுப்பு... அவளுக்குக் கொழுப்புத் தங்காது. வைக்கிறதுக்கு..." டொக்டர் சொன்ன வாசலை, துளியை, அந்தப் புரதத்தை அவள் வாய் தேடியது. ஆஸ்பத்திரிக் கதிரையில் அவ்வளவு தெளிவாய் விளங்கியது இந்தச் சோற்று வாசத்துக்குள் ஒரு சொல்லாய்க்கூடத் திரளவில்லை.

"ஆருக்குக் கொழுப்பெண்டு எங்களுக்குத் தெரியுது," என்று யாரோ ஒருத்தி சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"கஞ்சிக்கு வரிசையில நிண்டம் சுதா," என்றார் மாஸ்ரர். அவர் சிரிக்கவில்லை. "நீயும் நிண்டனீ. நானும் நிண்டனான். அதைப் பாத்த கண்ணால இதைப் பாக்கேலாம இருக்கு. அம்மன்ர சோறு. ஒண்டும் செய்யாது. விடு."

இழுத்து எழுப்பியிருக்கலாம். அவளுக்கு அந்தளவு பலம் இருந்தது. ஆனால் தன் விரல்களுக்குள் இருந்த அந்தச் சின்ன மணிக்கட்டு இலையை நோக்கியே இழுத்தது. கன்றுக்குட்டியின் கழுத்தைப் போல, வெறும் பசியின் பலத்தோடு. பிள்ளையின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வாய் மென்றுகொண்டிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று அறியாத மாதிரி.

சுதாஜினியின் கை தானாகவே விட்டது.

அவள் பந்தி முடியும்வரை தூணோடு நின்றாள். ஒருவரும் அவளைப் பார்த்து 'நீயும் இரு' என்று சொல்லவில்லை.

திரும்பி வரும்போது வாய்க்கால் கரையில் பிள்ளை முன்னே நடந்தாள். திடமான கால்கள். தூரத்தில் பார்க்கிறவருக்கு ஊரிலேயே சுகமான பிள்ளை அவள்தான் என்று தோன்றும்.

ஜெயந்தனுக்குச் செய்தி யாரோ சொல்லியிருந்தார்கள். வயலிலிருந்து வந்து காலைக்கூடக் கழுவாமல் மோட்டார்சைக்கிளை றோட்டுப் பக்கம் திருப்பி நிறுத்தி வைத்தான். ஆஸ்பத்திரிக்கு எடுக்க ஆயத்தமாய் அதன் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு படலையடியில் குந்தினான். "என்ன திண்டவள்?" என்று கேட்டான். சுதாஜினி சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். அதற்கு மேல் அவனுக்கும் ஒன்றும் தெரியாது. காத்திருக்க மட்டும் தெரியும்.

வெயில் சாய்ந்தது. யதுர்ஷிகா விறாந்தைப் பாயில் வயிற்றில் கையை வைத்தபடி இருந்தாள்.

"நோகுதோ?"

"இன்னும் இல்லை."

தாயின் முகத்தைப் பார்த்து, "அம்மா, என்னில கோவமோ?" என்றாள்.

"இல்லை."

"எழும்பத்தான் நினைச்சனான். கால் எழும்பேல்லை."

"தெரியும் பிள்ளை."

"முதல் பந்தியோட எழும்புவம் எண்டுதான் போனனான். பக்கத்தில இருந்த பெட்டை, 'ஐயோ போதும், இனி ஏலாது' எண்டு இலையை மூடினவள். அரைவாசிச் சோறு கிடந்தது. எனக்கும் அப்பிடி வருமெண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். வரேல்லை. பாயசம் வந்தது."

சுதாஜினிக்குச் சிரிப்பும் வந்தது. அழுகையும் வந்தது. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிள்ளை எழுந்து குசினிக்குள் போனாள். பானை மூடியின் சத்தம் கேட்டது. சுதாஜினி பதறி எழுந்தாள். படலையடியில் ஜெயந்தனும் எழுந்தான். ஆனால் யதுர்ஷிகா உடனேயே வெளியே வந்தாள். கையில் தாயின் கோப்பை. மத்தியானத்துச் சோறும், தண்ணீராய்க் கிடந்த கத்தரிக்காய்க் கறியும். அதைத் தாயின் கையில் வைத்தாள். வைத்த பிறகு தன் விரல்களை நக்காமல் பாவாடையில் துடைத்தாள். அதைச் செய்வது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தாய்க்குத் தெரிந்தது.

"நீங்கள் காலமையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை."

"எனக்குப் பசிக்கேல்லை."

"கிணத்தடியில வாழைக்குப் பின்னால நிண்டு சாப்பிடுறது எனக்குத் தெரியும் அம்மா. ஒருநாளும் ஆறுதலாச் சாப்பிடுறேல்லை நீங்கள்."

சுதாஜினி கோப்பையைப் பிடித்தபடி நின்றாள். பிள்ளை பாயில் சம்மணம் கட்டி, தாய்க்கு நேரே, ஆட்டம் பார்க்க வந்தவளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு கை வயிற்றில் இருந்தது. முகம் இலேசாய்ச் சுளித்தது. பிறகு சரியானது. அல்லது சரியானது போல வைத்துக்கொண்டாள்.

"இண்டைக்கு எனக்கு முன்னால இருந்து சாப்பிடுங்கோ," என்றாள் அவள். "நான் கேக்கமாட்டன். ஒரு வாயும் கேக்கமாட்டன். மெதுவாச் சாப்பிடுங்கோ. உங்களுக்குப் போதும் எண்டு வருமெல்லோ, அது வரேக்க எப்பிடி இருக்கெண்டு எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ அம்மா."